மணற்காசும் வாதுமையும்
விடுதியில் பயிலும் பிள்ளைகளுக்கு ஓர் அன்புப் பொதி

ஊருக்குப் புறப்படுவோர் கையில் வழிக்கு உணவு கட்டிக் கொடுப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். புளிச்சோறும் இட்டலியும் அன்றைய பயணத்திற்கு. முறுக்கும் அதிரசமும் சென்று சேர்ந்தபின் பல நாட்களுக்கு. எது ஒரு நாளில் கெடும், எது ஒரு மாதம் தாங்கும் என்பதை நம் பாட்டிமார் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தனர். அந்த அறிவைப் புலம்பெயர்ந்த மண்ணில், இம்மண்ணின் பொருள்களைக் கொண்டு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலிபோர்னியாவின் கடற்கரையை அடுத்து வாழும் நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் சில பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு தொலைதூரப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். அவர்களுட் பலர் ஐந்து வயது முதல் நம் தமிழ்ப் பள்ளியின் வாங்குகளில் அமர்ந்தவர்கள். கடலலையைக் கேட்டு வளர்ந்தவர்கள், அக்டோபர் மாதத்திலேயே உறைபனி விழும் ஊர்களில் முதல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பர். அவ்வேளையில் அவர்களுக்கு ஒரு பொதி அனுப்புவதென்று பெற்றோர் சிலர் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன் முடிவு செய்தோம். அதில் வைப்பதற்கு நாங்கள் தேர்ந்தது கடற்கரைக் கோலம் கொண்ட வாதுமைப் பிஸ்கட். அதன் வழியே நாங்கள் கற்றவற்றையும், செய்த பிழைகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

'கேர் பேக்கேஜ்' என்னும் பெயர்

இந்நாட்டில் இத்தகைய பொதியைக் 'கேர் பேக்கேஜ்' என்பர். 'அக்கறை' என்று பொருள்படும் சொல்லாகவே இதனைப் பலரும் கருதுகின்றனர். ஆயினும் இது ஓர் அமைப்பின் பெயரிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பசியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு உணவு அனுப்புவதற்காக 1945 நவம்பரில் 22 அமெரிக்க அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 'கேர்' என்னும் கூட்டுறவை நிறுவின. 10 டாலர் செலுத்தினால், பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு ஒரு பொதி போய்ச் சேரும். முதற் பொதிகள் 1946 மே மாதத்தில் பிரான்சு நாட்டின் லே ஹாவ்ர் துறைமுகத்தை அடைந்தன. அவை போர்வீரர் 10 பேருக்கு ஒரு நாளைக்குப் போதுமானவையாகக் கட்டப்பட்டு, போர் முடிந்ததால் எஞ்சிய உணவுப் பெட்டிகளாகும். அமைப்பின் பெயர் நாளடைவில் பொதுப்பெயராகி, விடுதி மாணவருக்கு அன்னையர் அனுப்பும் பெட்டிக்கும் வழங்கலாயிற்று.

மணற்காசு என்பது யாது?

பசிபிக் கரையில் நடப்போர் சில வேளைகளில் வட்டமான, வெண்மையான, தட்டையான ஒரு பொருளைக் கண்டெடுப்பர். அதன் மேற்புறத்தில் ஐந்து இதழ் கொண்ட மலர் ஒன்று பொறித்தாற்போல் இருக்கும். இங்குள்ளோர் இதனைச் 'சேண்ட் டாலர்' என்பர். நம் பள்ளிச் சிறுவர்கள் 'மணற்காசு' என்று பெயரிட்டனர். அப்பெயரையே நாமும் கொள்வோம்.

இது சிப்பியன்று. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான ஓர் உயிரினத்தின் ஓடு. அவ்வினத்தார்க்கு ஐந்து என்ற எண்ணே உடலமைப்பின் அடிப்படை. மலர்போல் தோன்றுவது அழகுக்காக அமைந்ததன்று. அது நுண்துளைகளின் வரிசை. அத்துளைகளின் வழியே வெளிநீளும் மெல்லிய குழாய்க்கால்களால் அவ்வுயிர் மூச்சு விடுகிறது. உயிரோடிருக்கும்போது உடல் முழுவதும் நுண்ணிய முட்கள் மூடி, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் காணப்படும். இறந்தபின் முட்கள் உதிர, வெயிலும் நீரும் வெளுத்த ஓடே நம் கைக்குக் கிட்டுகிறது. ஆதலின் முள் போர்த்த மணற்காசைக் கண்டால் எடுத்தலாகாது. அது வாழும் உயிர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நன்று.

பசிபிக் கரையின் மணற்காசுக்குச் சிறப்புகள் இரண்டு உண்டு. அதன் மலர் வட்டத்தின் சரிநடுவில் இராது; சற்றே ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். மேலும் அது கடலடியில், உடலின் ஒரு பகுதியை மணலில் புதைத்து, விளிம்பு மேலே தெரிய நிமிர்ந்து நின்று, நீரோட்டம் கொண்டுவரும் உணவைப் பற்றி உண்ணும். இவ்விரண்டு செய்திகளும் பின்னர் நமக்குப் பயன்படும்.

வாதுமையின் இடம்

அம்மலரின் இதழுக்கு மெல்லிய வாதுமைச் சீவலைப்போல் பொருத்தமான பொருள் வேறில்லை. கலிபோர்னியாவில் வாழும் நமக்கு அது அண்டை வயலின் விளைபொருளும் ஆகும். உலகின் வாதுமையில் ஏறக்குறைய 80 விழுக்காடு இம்மாநிலத்தின் நடுப் பள்ளத்தாக்கிலேயே விளைகிறது. பிப்ரவரி மாதத்தில் அத்தோட்டங்கள் வெண்மையும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்து நிற்கும்போது, மகரந்தச் சேர்க்கைக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேனீப் பெட்டிகள் பாரவண்டிகளில் வந்து இறங்கும்.

நம் ஊர்க் கடலோரங்களில் நிழல் தரும் நாட்டு வாதுமை மரம் வேறு, இது வேறு. அதன் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பெடுத்துத் தின்ற நினைவு பெற்றோர் பலருக்கு இருக்கும். இங்குள்ள வாதுமை பீச் பழத்திற்கு நெருங்கிய உறவு. அதன் கனியின் உள்ளேயுள்ள விதையையே நாம் உண்கிறோம்.

வாதுமையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதுவே மணத்திற்கும் சுவைக்கும் காரணம். பழையதானால் சிக்கு நாற்றம் வருவதற்கும் அதுவே காரணம். ஆகவே புதியதையே வாங்குக. எஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்குக. மாவில் சேர்க்குமுன் சில துண்டுகளை மென்று பார்த்தல் சிறு வேலையே. ஆனால் ஒரு தட்டுப் பிஸ்கட்டை அது காப்பாற்றும்.

செய்முறை

தேவையானவை: வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 100 கிராம், மைதா மாவு 250 கிராம், வாதுமை மாவு 50 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி, வாதுமைச் சீவல் ஒரு கைப்பிடி, தடவுவதற்குச் சிறிது பால். மணலுக்கு: பழுப்புச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, வறுத்த வாதுமை மாவு ஒரு மேசைக்கரண்டி, பட்டைத்தூள் ஒரு சிட்டிகை.

சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரு பங்கு, மாவு மூன்று பங்கு என்பது இவ்வகைப் பிஸ்கட்டின் பழைய கணக்கு. முட்டை சேராமையால் மரக்கறி உண்போர்க்கும் ஏற்றது. முட்டையோ நீரோ சேராத மாவில் ஈரம் குறைவு. ஈரம் குறைந்தது நெடுநாள் இருக்கும். முறுக்கு ஏன் கெடுவதில்லை என்று அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வெண்ணெயை அறையின் வெப்பத்தில் இளகவிட்டு, சர்க்கரையுடன் குழைக்க வேண்டும். வனிலாவும் உப்பும் சேர்த்தபின், இரு மாவுகளையும் சலித்துக் கொட்டி, ஒன்றுசேரும் அளவிற்கு மட்டும் பிசைக. சப்பாத்தி மாவைப்போல் அடித்துப் பிசைந்தால் கடினமாகிவிடும். மாவைத் தட்டையாக்கி மூடி, அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்குக. பின் இரு பார்ச்மென்ட் தாள்களுக்கிடையே வைத்துப் பூரிக்கட்டையால் ஏழு மில்லிமீட்டர் தடிப்பில் தேய்த்து, ஆறரை சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரால் வட்டமாக வெட்டுக. ஏறக்குறைய 24 வட்டங்கள் கிடைக்கும்.

ஒவ்வொன்றின் மேலும் பாலை மெல்லத் தடவி, மணற்கலவையைத் தூவி, ஐந்து சீவல்களை மலர்போல் அடுக்கி விரலால் அழுத்துக. சிறுவர்களிடம் ஒப்படைக்க வேண்டிய பணி இதுவே. மலர் நடுவில் அமையவில்லை என்று அவர்கள் கவலையுற்றால், பசிபிக் மணற்காசின் மலர் ஒதுங்கியே இருக்கும் என்று கூறுக. எங்கள் வகுப்பில் அதுவரை சரியாக நடுவில் வைத்த சிறுமி ஒருத்தி, அதைக் கேட்டவுடன் அத்தனை மலர்களையும் பெயர்த்து மீண்டும் அடுக்கினாள்!

தட்டோடு மேலும் பத்து நிமிடம் குளிர வைத்தபின், 325 பாரன்ஹீட் வெப்பமேற்றிய ஓவனில் 15 முதல் 18 நிமிடம் சுடுக. விளிம்பு பொன்னிறம் கொள்ளத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் மிருதுவாகவே இருக்கும்; ஆறியபின் இறுகும். முற்றும் ஆறுமுன் மூடி வைத்தால் உள்ளே ஆவி படிந்து நமத்துப்போகும்.

எங்கள் முதற் பிழை

முதலாண்டில் வாதுமை மாவை இரு மடங்காகச் சேர்த்து, மிக மெல்லியதாகத் தேய்த்தோம். உண்பதற்கு வாயில் கரைந்தது. ஆனால் மைதாவில் உள்ளதுபோன்ற பசைத்தன்மை வாதுமை மாவிற்கு இல்லை. அதிகமானால் பிஸ்கட் தானே உதிரும். காகித உறையில் அடுக்கி அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து, நம் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து தமிழிலேயே ஒரு கடிதம் வந்தது. 'கடற்கரை வந்து சேர்ந்தது. ஆனால் மணல் மட்டுமே வந்தது. கரண்டியால் உண்டேன்' என்று எழுதியிருந்தாள். சிரித்தோம். பின்னர் அமர்ந்து சிந்தித்தோம்.

இப்பொழுது நாங்கள் கட்டும் முறை இது. இரண்டு பிஸ்கட்டுகளின் அடிப்பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தாளில் சுற்றுகிறோம். அவற்றைப் படுக்க வைக்காமல், கடலடியில் மணற்காசு நிற்பதுபோல் விளிம்பில் நிறுத்தி, காற்றுப் புகாத கெட்டியான டப்பாவில் நெருக்கமாக அடுக்குகிறோம். மூடியபின் டப்பாவைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஓசை கேட்டால் இடைவெளியைத் தாளால் நிரப்ப வேண்டும். அந்த டப்பாவை அதனினும் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, ஆறு புறமும் கசக்கிய தாள்களால் சூழ்கிறோம். இதற்கு வகுப்பின் பழைய பயிற்சித் தாள்கள் உதவுகின்றன. தம் தம்பி எழுதிய 'ழ'கர வரிசையைப் பிரித்து நீவிப் படித்ததாக ஒருவர் சொன்னார்.

மெத்தென்ற பண்டங்களை இவற்றோடு ஒரே டப்பாவில் வைத்தலாகாது. அவற்றின் ஈரம் இவற்றிற்கு ஏறிவிடும். இஞ்சி, மிளகுப் பண்டங்களையும் தனியே வைக்குக, மணம் மாறிவிடும். திங்கட்கிழமை அஞ்சலில் சேர்த்தால் வார இறுதியில் கிடங்கில் தங்காமல் சேர வாய்ப்பு அதிகம்.

அதனினும் பெரிய பிழை

இரண்டாம் ஆண்டில் பிஸ்கட்டுகள் முழுதாகச் சேர்ந்தன. டப்பாவின் மேல் பொருள்களின் பட்டியலை அழகிய தமிழில், தமிழில் மட்டுமே எழுதியிருந்தோம். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. நம் மாணவர் ஒருவர் வகுப்பிற்குச் சென்றிருந்த வேளையில், அறைத்தோழர் எடுத்து உண்ணும்படி டப்பாவை மேசைமேல் திறந்து வைத்துச் சென்றாராம். அத்தோழருக்குக் கொட்டைப் பருப்புகள் ஒவ்வா. சிறிதளவு உண்டாலும் மூச்சுத் திணறும். மேலிருந்த சீவல் மலரை அவர் கண்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் அதே டப்பாவில் மலரில்லாத சிறு சிப்பிப் பிஸ்கட்டுகளும் இருந்தன. அவற்றின் மாவிலும் வாதுமை இருந்தது, கண்ணுக்குத் தெரியாது. படிக்க இயலாத பட்டியலுள்ள எதையும் உண்ணாதே என்று அவருடைய அன்னை சிறு வயது முதல் கற்பித்திருந்ததால் அவர் உண்ணவில்லை. அந்த அன்னையை நாங்கள் அறியோம், அவருக்குக் கடன்பட்டுள்ளோம்.

அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம், விற்பனைக்கு வரும் பொதியுணவில் வாதுமை உள்ளிட்ட எட்டு வகை ஒவ்வாமைப் பொருள்களைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்றது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்து, 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. எள்ளுருண்டை அனுப்புவோர் இதனை நினைவிற்கொள்க. வீட்டுப் பொதியை அச்சட்டம் கட்டுப்படுத்தாமலிருக்கலாம். ஆனால் விடுதியில் ஒரு பெட்டி திறக்கப்பட்டால் அது ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே இப்பொழுது மூடியின்மேல் 'வாதுமை, பால், கோதுமை சேர்ந்தது' என்று பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறோம். மொழிப்பற்று பிறர் நலத்திற்கு இடையூறாகலாகாது என்பதை எங்களுக்குக் கற்பித்தது அந்த டப்பாவே.

நிறைவாக

பொதி அனுப்புவோர் தம் அடுக்களையிலேயே நின்றுவிடுகிறோம். என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம் என்று எண்ணுகிறோம். பெட்டி போய்ச் சேரும் அறையில் யார் இருப்பர், எப்படித் திறப்பர், யாரோடு பகிர்வர் என்று எண்ணுவதே அக்கறையின் மறுபாதி. தடிப்பு, ஈரம், அடுக்கு, எழுத்து ஆகிய அனைத்தும் அந்த எண்ணத்திலிருந்தே தோன்றுகின்றன.

இவ்வாண்டும் அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வகுப்புகள் முடிந்தபின் மாவு பிசையவிருக்கிறோம். பெற்றோர் ஒரு பூரிக்கட்டையும் கெட்டியான டப்பா ஒன்றும் கொண்டு வருக. வாதுமை ஒவ்வாத பிள்ளைகள் வேறு அறையில் முகவரியும் கடிதமும் எழுதலாம்; நான்கு வரி தமிழ் இல்லாமல் எந்தப் பெட்டியும் மூடப்படுவதில்லை. அந்நான்கு வரிகளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. அவற்றைப் படிக்க வேண்டியவர், படிக்கக் கற்றது இங்கேதான்.