பெருங்குடலும் ஒரு தடைப் புரதமும்

வட பகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறையில் முடிகிறது. அதற்கப்பால் கடல். ஆயினும், அங்கு வந்து சேரும் வண்டியை நிறுத்துவது கடலன்று. சாரதி உரிய வேளையில் இடும் தடையே. நம் பெருங்குடலிலும் அத்தகைய தடையொன்று உண்டு. அது பழுதுற்றால் நேர்வதே பெருங்குடற் புற்றுநோயின் முதற்படி.

குடலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத குழிகள் எண்ணிறந்தன. அவற்றின் அடியிற் கலங்கள் பிரிந்து பெருகுகின்றன. மேலேறியதும் பெருக்கத்தை நிறுத்தித் தம் தொழிலைச் செய்து, சில நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. பெருகுமாறு தூண்டுவது பீற்றா கற்றெனின் என்னும் புரதம். ஏ.பி.சி. என்னும் மற்றொரு புரதம் துணைப் புரதங்களுடன் கூடி அதைப் பிடித்து, அழிவுக்குரியதென அடையாளமிட்டுவிடுகிறது. ஆக்கியதை உடனே அழிப்பது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் வெளியிலிருந்து குறிப்பு வந்ததும் அழிப்பை நிறுத்தினாற் போதும், கலம் விரைவிற் பெருகத் தொடங்கும். இயற்கை கையாளும் சிக்கனம் நம் சிக்கனம் போன்றதன்று.

இப்புரதத்துக்குரிய பரம்பரையலகை அமெரிக்க, யப்பானிய ஆய்வாளர் 1991 ஆம் ஆண்டில் இனங்கண்டனர். ஒவ்வொரு கலத்திலும் அதன் பிரதிகள் இரண்டு உள. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். இரண்டும் கெட்டால், குறிப்பு வாராமலே தூண்டுதல் ஓயாது நிகழும்; அவ்விடத்தில் சிறு சதைமுளை தோன்றும். பெருங்குடற் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் இப்பழுது காணப்படுகிறது. பிறக்கும்போதே ஒரு பிரதி கெட்டிருப்போருக்கோ, இளமையிலேயே நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றும்.

முளை தோன்றியவுடன் அது புற்றுநோயாகிவிடுவதில்லை. பழுதுற்ற கலங்களைத் தடுக்கும் பி53 முதலான வேறு காவல்களும் ஒவ்வொன்றாக வீழவேண்டும். அதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை செல்லும். மிகையாகத் தொழிற்படும் புரதத்தை மருந்தால் அடக்கலாம். இல்லாமற்போன புரதத்தை மருந்தால் ஈடுசெய்தல் அரிது. எனவே அந்தப் பத்தாண்டு அவகாசமே நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. அகநோக்கிக் குழாயைச் செலுத்தி முளையைக் கண்டு, அப்போதே அகற்றிவிடலாம்.

ஆனால் நம்மவர் மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவுசெய்து கைமருந்தோடு இருந்துவிடுகின்றனர். வீட்டாரிடம் சொல்லவும் கூச்சம். காங்கேசன்துறைக்கு அண்மையில், தெல்லிப்பழையில், புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று உளது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால் எழுந்தது அது. மூலமாகவே இருக்கலாம், ஆயினும் அதை வைத்தியர் சொல்லட்டும். அவரிடம் செல்லும்போது, இரத்தம் எப்போது தொடங்கியது, மலம் கழிக்கும் வழக்கம் மாறியதா, உடன்பிறந்தார் பெற்றோருள் எவருக்கேனும் இந்நோய் எந்த வயதில் வந்தது என்னும் மூன்றையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.