மூட்டு நலம் – 7: முழங்காலுக்கு ஊசியும் பயிற்சியும்

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் நெருங்கிவரும் குப்பம் வட்டாரத்தைச் சேர்ந்த சாந்திபுரம் பகுதியில் வேளாண்மையும் பட்டுப்புழு வளர்ப்பும் கறவை மாடுமே பெரும்பாலானோரின் பிழைப்பு என்பதால், தக்காளித் தோட்டத்தில் குந்தியபடி களை எடுப்பதும், மல்பெரி இலைக் கட்டைத் தலையில் சுமப்பதும், குத்துக்காலிட்டுப் பால் கறப்பதும் இங்குள்ள முழங்கால்களின் அன்றாடப் பாடாக இருக்கின்றன. வலி முற்றியவர்கள் குப்பத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் நடத்தும் பேர்டு எலும்பியல் மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ செல்கின்றனர். அந்த நிலையை எட்டாதவர்களில் பலர் மாத்திரை, தைலம், அக்குபங்சர் என்று ஒன்று மாற்றி ஒன்றாக நாடுகின்றனர். இவற்றுள் அக்குபங்சரையும் மறுவாழ்வு உடற்பயிற்சியையும் இணைத்துச் செய்வதால் மூட்டுத் தேய்மானத்துக்கு என்ன பயன் என்பதே இவ்வாரம் ஆராயப்படுகிறது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. ஆகவே தேய்வது அதுவே ஆனாலும், வலிப்பது அதனடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றியுள்ள உறையும், அவ்வுறையின் உட்புறப் படலமும்தான். இந்த வலியும் வீக்கமும் தண்டுவடத்தின் வழியாகத் தொடையின் முன்தசைக்குச் செல்லும் கட்டளையைக் குறைத்துவிடுவதால், அத்தசை நோயாளியின் விருப்பத்துக்கு மாறாகவே முழு வலுவுடன் சுருங்க மறுக்கிறது. சுருங்காத தசை மெலிகிறது. மெலிந்த தசை மூட்டின் பாரத்தைத் தாங்காததால் வலி கூடுகிறது. வலி கூடியதும் நடை குறைந்து தசை மேலும் மெலிகிறது. இந்தச் சுழற்சியை ஏதாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும் என்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் அணுகுமுறை. 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பிய மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இந்தியாவுக்கே முன்னோடியாயிற்று.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த வழி வேறு. 1938இல் காங்கிரஸ் இயக்கம் சீனப் போர்க்களத்துக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவரான பிஜய் குமார் பாசு, பின்னர் மீண்டும் சீனா சென்று இம்முறையைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் இதனைத் தொடங்கினார். இதில் பயன்படும் ஊசியில் மருந்தும் இல்லை, துளையும் இல்லை. ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு இழை அது. முழங்காலைச் சற்று மடக்கினால் சில்லுக்குக் கீழே இருபுறமும் தோன்றும் குழிகளிலும், கெண்டைக்காலின் மேற்பகுதியிலும் செருகப்பட்ட ஊசிகள் இருபது முதல் முப்பது நிமிடம் அப்படியே விடப்படுகின்றன. அப்போது நோயாளி உணரும் கனமும் மந்தமான வலியும் நரம்புகள் தூண்டப்பட்டதன் அடையாளம் என்றும், அத்தூண்டல் மூளையிலும் தண்டுவடத்திலும் உடலே சுரக்கும் வலிநீக்கிகளை வெளிப்படுத்தக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

இணைப்பின் பயனை அளந்த ஆய்வுகள் நேர்மையாகப் படிக்கப்பட வேண்டியவை. ஜெர்மனியில் 1007 முழங்கால் நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அனைவருக்கும் இயன்முறை சிகிச்சைக்கு வாய்ப்பளிக்கப்பட்டது; அதனுடன் முறையான ஊசி பெற்றவர்களில் 53 விழுக்காட்டினரும், உரிய புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகப் போலி ஊசி குத்தப்பட்டவர்களில் 51 விழுக்காட்டினரும், ஊசியே பெறாமல் மருத்துவரை மட்டும் சந்தித்தவர்களில் 29 விழுக்காட்டினரும் தேறினர். இங்கிலாந்தில் 352 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது: உண்மையான ஊசி சேர்க்கப்பட்ட குழுவினருக்குத் தொடக்க வாரங்களில் வலி சிறிதளவு கூடுதலாகத் தணிந்தபோதிலும், ஆறாவது மாத முடிவில், அறிவுரையும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் மேலான நிலையில் இல்லை. இதனாலேயே அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 2019இல் நிபந்தனையுடன் அக்குபங்சரைப் பரிந்துரைக்க, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இல் தேய்மானத்துக்கு அதனை அளிக்க வேண்டாம் என்றது. உடற்பயிற்சியைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே ஊசிக்கு உரிய இடம், வலியால் பயிற்சியையே தொடங்க முடியாதவருக்கு முதல் சில வாரங்கள் கிடைக்கும் அவகாசம் என்ற அளவில்தான் உள்ளது. அந்த அவகாசத்தில் பயிற்சி தொடங்கப்படாவிட்டால் செலவழித்த பணமும் பயணமும் வீண். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலின் பின்மடிப்புக்கு அடியில் வைத்து, அதை நசுக்குவதுபோல் முழங்காலைக் கீழே அழுத்தினால் தொடைத்தசை இறுகிச் சில்லு மேல்நோக்கி இழுபடுவதைக் கண்ணாலேயே காணலாம்; 5 விநாடி பிடித்துத் தளர்த்தி, பத்து முறை செய்யலாம். தரையில் அமர இயலாதவர் கட்டிலிலேயே செய்யலாம். அடுத்து, மடக்காத காலை ஓரடி உயரம் தூக்கி இறக்குவதும், சில வாரங்கள் கழித்து, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும் சேர்க்கப்படுகின்றன. செய்யும்போது தோன்றும் சிறு வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். மூட்டு வீங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். வாரந்தோறும் திருப்பதிக்கோ வேலூருக்கோ சென்றுவர இயலாத சாந்திபுரத்து உழவருக்கு, இயன்முறை மருத்துவரிடம் ஓரிரு முறை சரியாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே தொடரக்கூடிய இந்தப் பயிற்சியைவிட எட்டக்கூடிய மருத்துவம் வேறில்லை.

எல்லா முழங்கால் வலியும் தேய்மானம் அன்று. காலையில் நெடுநேரம் விரல் மூட்டுகள் மடங்காமல் இருந்தால் முடக்குவாதமாகவும், காய்ச்சலுடன் ஒரே மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். பின்னதற்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். மூட்டு இறுக்கத்துக்குக் குடிநீரும் காரணமாகலாம்: எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு எலும்பையும் மூட்டையும் இறுக்கும் என்பதாலேயே அங்கே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது. ஊசிக்கு முன் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும் என்பதற்கு இவையே காரணம்.

மத்திய அரசு 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை வழியாக ஏற்று, 2019இல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்துள்ள போதிலும், குத்துபவரின் தகுதியைக் கேட்பதும், உறை பிரிக்காத புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்வதும் நோயாளியின் உரிமை. ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசியை மட்டும் போட்டுவிட்டு ஒரு பயிற்சியையும் சொல்லித்தராத இடத்துக்கு இரண்டாம் முறை செல்ல வேண்டியதில்லை.