கிரகங்கள் பிறந்த பள்ளிக்கூடம்… தெரியுமா?

ஜான் கோலெட் என்ற பாதிரியார் 1509-ல் லண்டனில் பையன்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். எத்தனை பேருக்கு இடம் தெரியுமா? சரியாக 153! பைபிளில் சீடர்களின் வலையில் சிக்கிய மீன்களின் கணக்கு அது. அந்தப் பள்ளியின் அறக்கட்டளையே, செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியைத் திறந்தது 1904-ல். அண்ணனுக்கும் தங்கைக்கும் 395 வயது வித்தியாசம்!

ஹேமர்ஸ்மித் பக்கம், புரூக் கிரீனில் இருக்கிறது இந்தத் தனியார் பள்ளி. ஹாஸ்டல் இல்லை, காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகள்தான். யூனிஃபார்மும் கிடையாது!

இங்கே பாட்டு வாத்தியாராக இருந்தவர் யார் தெரியுமா? உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட்! 1905-ல் சேர்ந்தவர், 1934-ல் இறக்கும்வரை பள்ளியை விடவே இல்லை. 1913-ல் இசைக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பி, வெளிச் சத்தம் நுழையாத ஓர் அறையையும் அவருக்குக் கொடுத்தார்கள். மற்ற நாளெல்லாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பள்ளியில் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். அப்படிப் பிறந்ததுதான் ‘தி பிளானட்ஸ்’ (கிரகங்கள்) என்ற அவருடைய இசைத் தொகுப்பு!

அவருக்கு வலது கையில் தீராத நரம்பு வலி. அவர் சொல்லச் சொல்ல, சக ஆசிரியைகள் நோரா டே, வாலி லாஸ்கர் இருவரும் பக்கம் பக்கமாக இசைக்குறிப்பு எழுதினார்கள். இவர்கள் பெயரையும் இசைத்தட்டு உறையில் போட்டிருக்க வேண்டும் என்பேன் நான்.

1918 செப்டம்பர் 29, குயின்ஸ் ஹாலில் முதல் கச்சேரி. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒத்திகை இரண்டு மணி நேரம்கூட இல்லை! கடைசிப் பகுதியான ‘நெப்டியூன்’ வந்ததும் வார்த்தையே இல்லாத பெண் குரல்கள். பாடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியக் கூடாது; பக்கத்து அறையில் நின்று பாட வேண்டும், முடியும்போது கதவை மெல்ல மூட வேண்டும் என்பது ஹோல்ஸ்ட் போட்ட விதி. அன்றைக்கு அந்தக் குரல்கள் யாருடையவை? அவருடைய பள்ளி மாணவிகளுடையவை!

இன்னொன்று கேளுங்கள். 1932-ல் இங்கே சேர்ந்த ஒரு சிறுமி எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரி, பாட்டில் மட்டும் பூஜ்யம். ‘பிள்ளைக்குக் காதில் ஏதாவது கோளாறா?’ என்று ஹோல்ஸ்டே வீட்டில் விசாரித்தார் என்று சொல்வார்கள். அந்தச் சிறுமிதான் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்! டி.என்.ஏ.வின் வடிவம் பிடிபட உதவிய 1952-ஆம் வருட எக்ஸ்ரே படம் அவருடைய ஆய்வில் கிடைத்தது. லண்டனில் பெண்களுக்கு இயற்பியலும் வேதியியலும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அன்று சொற்பம். அதில் இது ஒன்று.

பெண்களுக்குப் பள்ளி கொடுத்த மதிப்பைப் பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை. ஃபிராங்க்ளின் 1941-ல் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தார். ஆண்களுக்குத் தந்த முழுப் பட்டத்தைப் பெண்களுக்கும் கேம்பிரிட்ஜ் தரத் தொடங்கியது 1948-ல்தான்!