தானாகச் சரியாகும் பழுதை நம்பலாமா? 8 நாள் பயணம் 286 நாள் ஆன கதை

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் அம்மாபேட்டை தாண்டி என் மாமா வீடு இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. நெல் வியாபாரக் கணக்கு முழுவதையும் அதில்தான் வைத்திருக்கிறார். அறுவடை சமயத்தில் ஒரு நாள் போன் செய்தார். "மாப்ளே, நல்லா ஓடிக்கிட்டே இருக்கு, திடீர்னு அதுவா அணைஞ்சு போயிடுது. பத்து நிமிஷம் கழிச்சு பொத்தானை அமுக்கினா பழையபடி வந்துடுது. அதனால ஒண்ணும் பிரச்சினை இல்லை."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறுத்தியது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஹேங் ஆனது, ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது. ஏன் ஹேங் ஆனது, ஏன் சரியானது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பெரிய நஷ்டமில்லை. இதே கேள்வி 2024-ல் அமெரிக்காவின் நாசா முன் வந்தபோது, பதிலில் இரண்டு பேரின் உயிர் இருந்தது. ஒருவர் புட்ச் வில்மோர். இன்னொருவர் குஜராத் மாநிலம் ஜூலாசன் கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சுனிதா வில்லியம்ஸ்.

கிளம்பும் முன்பே பவர் சப்ளை தகராறு

போயிங் நிறுவனம் செய்த ஸ்டார்லைனர் விண்கலத்தில் மனிதர்கள் போவது அதுவே முதல் முறை. 2024 மே 6-ல் கிளம்ப வேண்டியது. ராக்கெட்டில் ஒரு வால்வு சரியில்லை என்று நிறுத்தினார்கள். பிறகு ஜூன் 1. கவுண்ட் டவுன் முடிய 3 நிமிடம் 50 வினாடி இருக்கும்போது தரையில் இருந்த கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

அங்கே ஒரே வேலையை மூன்று கம்ப்யூட்டர் தொகுதிகள் சேர்ந்து செய்கின்றன. மூன்றும் 'சரி' என்று சொன்னால்தான் ராக்கெட் கிளம்பும். அதில் ஒன்றின் பவர் சப்ளை கெட்டுப்போயிருந்தது. நம் வீட்டில் எஸ்.எம்.பி.எஸ். போவதில்லையா, அதே சங்கதிதான். மாற்றிப் போட்டார்கள். ஜூன் 5-ம் தேதி ராக்கெட் கிளம்பியது. சுமார் 8 நாளில் திரும்புவதாகத் திட்டம்.

நம் டெல்டாவில் அது குறுவைக்கு நாற்றங்கால் பார்க்கும் நேரம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். அந்த வருடம் அணையில் தண்ணீர் போதவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்று இங்கே காத்திருந்த அதே நாட்களில், எப்போது வீடு திரும்பலாம் என்று அவர்கள் மேலே காத்திருந்தார்கள்.

கைத்தெளிப்பானும் விண்கலமும்

ஜூன் 6-ல் விண்வெளி நிலையத்தை நெருங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. அதைப் புரிந்துகொள்ள வயலில் மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றுகிறோம். பிறகு குழாயைத் திறந்தால் மருந்து பீறிட்டு வருகிறது. ஸ்டார்லைனரின் பின்பகுதியில் அப்படி 28 சின்ன உந்துவிசை எந்திரங்கள் இருந்தன. 'த்ரஸ்டர்' என்பார்கள். எரிபொருளைத் தள்ளும் காற்றாக ஹீலியம் வாயு. கலத்தைத் திருப்ப, நகர்த்த, நிறுத்த எல்லாவற்றுக்கும் இந்த த்ரஸ்டர்கள்தான்.

ஹீலியம் ஐந்து இடங்களில் கசிந்தது. அதில் ஒரு கசிவு கிளம்பும் முன்பே தெரிந்ததுதான். சின்னது என்று விட்டுவிட்டார்கள். கசிவைக்கூடச் சமாளித்துவிடலாம். த்ரஸ்டர்கள் 5 அடுத்தடுத்து நின்றுபோனதுதான் பெரிய விஷயம். சரியான விசை வரவில்லை என்று பார்த்த விண்கலத்தின் சாப்ட்வேரே அவற்றைக் கழற்றிவிட்டது. கலத்தை நினைத்த பக்கம் திருப்ப முடியாத நிலை. வில்மோர் கைக் கட்டுப்பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்தவர்கள் அவரைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்த த்ரஸ்டர்களை ரீசெட் செய்து பார்த்தார்கள்.

ஐந்தில் நான்கு திரும்ப வேலை செய்தன! ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக நிலையத்தில் போய் இணைந்தார்கள். மாமா சொன்னதுபோல, பொத்தானை அமுக்கினால் பழையபடி வந்துவிட்டது.

ஆனால் நாசா 'பிரச்சினை இல்லை' என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் இதே மாதிரி த்ரஸ்டர் ஒன்றை வைத்து, மேலே நடந்தபடியே விட்டு விட்டு எரித்துப் பார்த்தார்கள். சூடு ஏறியதும் வால்வுக்குள் இருக்கும் டெஃப்ளான் சீல், அதாவது வாஷர் மாதிரி ஒன்று, உப்பிக்கொண்டு வழியை அடைத்தது. எரிபொருளோடு சேர வேண்டிய திரவம் போதுமான அளவு போகவில்லை.

சூட்டில் உப்பியது ஆறினால் பழைய நிலைக்கு வந்துவிடுமா? ஜூலை 27-ல் நிலையத்தில் கட்டிப்போட்டபடியே 28-ல் 27 த்ரஸ்டர்களை இயக்கினார்கள். பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்தன. இதுதான் தலைவலியே. தரையில் உப்பிய சீலைக் கண்ணால் பார்த்தார்கள். மேலே இருப்பது ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. திரும்பும்போது மறுபடி சூடு ஏறினால் என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

கழற்றிப் பார்க்கலாமே என்பீர்கள். முடியாது. த்ரஸ்டர்கள் இருக்கும் அந்தப் பின்பகுதியை, பூமிக்குள் நுழையும் முன் கழற்றிவிட்டுவிடுவார்கள். அது எரிந்து சாம்பலாகிவிடும். எதை ஆராய வேண்டுமோ அது வீட்டுக்கே வராது. அதனால்தான் வாரக்கணக்கில் கலத்தை நிலையத்திலேயே நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். பத்திரிகைகள் 'சிக்கிக்கொண்டார்கள்' என்று எழுதியதில் இந்த விஷயம் அமுங்கிப்போனது.

'போன தடவையும் இப்படித்தான் ஆச்சு'

கலம் பத்திரமாக இறங்கும் என்று போயிங் பொறியாளர்கள் நம்பினார்கள். நாசாவுக்கு மனம் ஒப்பவில்லை. 2024 ஆகஸ்ட் 24-ல் முடிவை அறிவித்தார்கள்: ஸ்டார்லைனர் காலியாகத் திரும்பும், இருவரும் வேறு கலத்தில் வருவார்கள். அப்போது நாசாவின் தலைவராக இருந்த பில் நெல்சன், சாலஞ்சர், கொலம்பியா விபத்துகளை நினைவுபடுத்தியே பேசினார்.

கொலம்பியா என்றதும் நமக்குக் கல்பனா சாவ்லா முகம் வரும். 2003 ஜனவரி 16-ல் அந்த ஓடம் கிளம்பிய 82-வது வினாடியில் எரிபொருள் தொட்டியின் மேல் இருந்த நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு என்று விண்வெளியில் வைத்துப் படம் எடுக்கப் பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடம் தேவையில்லை என்று விட்டுவிட்டது. ஏன்? முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்து பட்டிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஓடம் நல்லபடியாக வந்து சேர்ந்திருக்கிறது. பிப்ரவரி 1-ல் இறங்கும்போது ஏழு பேரும் போய்விட்டார்கள்.

காலியாக அனுப்புவதும் லேசில்லை. ஆள் இருப்பதாக வைத்துத்தான் கலத்தின் கம்ப்யூட்டரில் செட்டிங்குகள் ஏற்றப்பட்டிருந்தன. தானாகவே பிரிந்து வருவதற்கு வேறு தகவல்களை ஏற்றி, சோதித்து, பழகிப் பார்க்க வாரக்கணக்கில் ஆனது. செப்டம்பர் 7-ம் தேதி, நம் நேரம் காலை 9.31-க்கு, ஸ்டார்லைனர் ஒயிட் சாண்ட்ஸில் பாராசூட்டில் அழகாக இறங்கியது.

'அப்படியானால் அவர்களும் அதிலேயே வந்திருக்கலாமே' என்று அன்றைக்கே பேச்சு வந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அது இறங்கிய பிறகுதானே தெரிந்தது?

செருகியும் பொருந்தாத பிளக்

பாக்கிக் கதை நம் வீட்டுச் சார்ஜர் தகராறு மாதிரி. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் வர வேண்டும். ஆனால் ஸ்டார்லைனர் உடையின் இணைப்புகள் டிராகனில் சேராது. நிலையத்தில் இருந்த ஒரு டிராகன் உடை சுனிதாவுக்குப் பொருந்தியது. வில்மோருக்குப் பூமியிலிருந்து அனுப்பினார்கள். செப்டம்பர் 28-ல் கிளம்பிய டிராகனில் நான்கு பேருக்குப் பதில் இரண்டு பேர் மட்டும் போனார்கள். இரண்டு பேர் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். அது போய்ச் சேரும் வரை, அவசரம் என்றால் அங்கே ஏற்கெனவே நின்றிருந்த டிராகனில் சாமான் வைக்கும் இடத்தில் நுரை மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. மாற்று உடைகூட அவர்களிடம் சரியாக இல்லை. நிலையத்துக்கு அவசரமாக ஒரு பம்ப் தேவைப்பட்டதால், கிளம்பும்போதே தங்கள் பெட்டிகளை விட்டுவிட்டு அதை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பிப்ரவரியில் திரும்ப வேண்டியது. அடுத்த குழுவுக்கான புது டிராகனில் பேட்டரி வேலை பாக்கி என்று அதுவும் தள்ளிப்போனது. கடைசியில் 2025 மார்ச் 19, நம் நேரம் அதிகாலை 3.27-க்கு புளோரிடா கரைக்கு அப்பால் கடலில் இறங்கினார்கள். 286 நாட்கள், பூமியை 4,576 சுற்றுகள். குறுவைக்கு முன் போனவர்கள், சம்பா அறுவடையும் முடிந்த பிறகு வந்தார்கள்.

ஈரம் செய்த வேலை

சுனிதாவுக்குக் கம்ப்யூட்டர் தகராறு புதிதல்ல. 2007 ஜூனில் அவர் முதல் பயணத்தை முடித்துக் கிளம்பும் சமயம், நிலையத்தின் ரஷ்யப் பகுதிக் கம்ப்யூட்டர்கள் மொத்தமாகப் படுத்துவிட்டன. ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்று மூன்று மூன்றாக இரண்டு செட் வைத்திருந்தார்கள். ஆறும் போய்விட்டன. வருகின்றன, மறுபடி போகின்றன. நிலையம் நிலைமாறாமல் இருக்க, அங்கே இணைந்திருந்த அட்லாண்டிஸ் ஓடத்தின் எந்திரங்கள்தான் உதவின.

புதிதாக மாட்டிய சோலார் பலகைகள்மேல்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். ரஷ்ய வீரர்கள் ஒரு பவர் சுவிட்சைத் தவிர்த்துத் தனி வயர் போட்டதும் உயிர் வந்தது. பிறகு கழற்றிப் பார்த்தால், ஈரம் பட்டு ஒரு கனெக்டர் அரித்துப்போயிருந்தது. அதனால் அணைக்கும் கட்டளை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. கம்ப்யூட்டர்கள் மூன்று என்றாலும் மின்சாரத்தைக் கண்காணிக்கும் பெட்டி பொதுவாகத்தானே இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் பீப், பீப் என்று கத்திக்கொண்டு கிளம்ப மறுப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். மெக்கானிக் வந்து ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் காலை ரப்பரால் துடைத்து மாட்டினால் ஓடும்.

மாமா வீட்டில் என்ன ஆனது?

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன், கணக்கு பைல்களை எல்லாம் பென் டிரைவில் காப்பி செய்தோம். பிறகு ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தேன். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று வந்ததைக் கிளிக் செய்தால், தேதிவாரியாக ஒரு படம் திறக்கும். கோளாறு நடந்த நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கும். அதைக் கிளிக் செய்தால் கீழே விவரம். உங்கள் விண்டோஸிலும் இது இருக்கிறது, இன்றே பாருங்கள்.

மாமா கம்ப்யூட்டரில் சிவப்புக் குறிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் உச்சி வெயில் நேரம். எல்லாம் அறுவடை மெஷின் வந்த நாட்கள். பக்கத்திலேயே களம்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறந்தேன். பிராசசர் மேல் இருக்கும் பேனில் நெல் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்று போக வழியில்லாமல் சூடு ஏறி, கெட்டுப்போகாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிஷத்தில் ஆறியதும் திரும்ப ஓடியிருக்கிறது. காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளினோம். இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்வதும் முக்கியம்.

கம்ப்யூட்டரை இப்போது களத்துப் பக்கம் ஜன்னல் இல்லாத அறைக்கு மாற்றியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து, வாரம் ஒரு முறை அந்தச் சிவப்புக் குறிகளையும் பார்க்கிறார். போன மாதம் ஒன்று வந்திருந்தது. உடனே போன் செய்துவிட்டார். விசாரித்தால், அன்றைக்கு ஊரிலேயே கரண்ட் போயிருக்கிறது.