முக்கால் விளைச்சலா, முழு விளைச்சலா? வாழைத்தார் வெட்டும் பருவம்

ஐப்பசி பிறந்தாலே பாகூர், வில்லியனூர் வாழைத் தோட்டங்களில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். காற்றுக்கு மரம் சாய்வதற்குள் தாரை வெட்டிவிடலாமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களிடம் 'பொறுங்கள்' என்று சொல்வது எளிதல்ல. ஆனால், அவசரத்தில் வெட்டினால் எது குறையும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

முற்றிய வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும். பழுக்கும்போது அதுதான் சர்க்கரையாகிறது. மரத்தில் இருக்கும்வரைதான் மாவுச்சத்து சேரும். வெட்டிய பிறகு சேராது. அதனால், இளங்காயை எப்படிப் பழுக்க வைத்தாலும் தோல் மஞ்சளாகுமே தவிர, முழு இனிப்பு வராது.

பழுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவை மரபணுக்கள். காய் வளரும் காலத்தில் எத்திலீன் வாயுவை உண்டாக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். முற்றியதும் விழித்துக்கொள்ளும். சிறிதளவு எத்திலீனே மேலும் எத்திலீனைத் தூண்டுவதால், ஒரு காய் பழுத்தால் சீப்பே பழுத்துவிடுகிறது. ஆப்பிளிலும் இதே கதைதான். ஃபூஜி ரகம் நீண்ட நாள் தாங்குவதற்கு, அதில் எத்திலீன் மரபணு ஒன்று மந்தமாக இயங்குவதும் காரணம். வாழையில் பழுப்பதைக் கட்டுப்படுத்தும் இரு மரபணுக்களில் ஏதேனும் ஒன்றை ஒடுக்கினாலே பழுப்பது தள்ளிப்போகிறது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ரகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வெட்டும் நாள் நம் கையில் இருக்கிறது.

ரகம், மண், பருவநிலையைப் பொறுத்து, பூ வெளிவந்த 100 முதல் 150 நாளில் தார் முற்றும். பூ வந்த வாரத்தைக் குறித்து வண்ணக் கயிறு கட்டிவிட்டால் குழப்பமில்லை. காயின் பட்டைகள் மழுங்கி உருண்டிருந்தால் முழு விளைச்சல். உள்ளூர் சந்தைக்கு ஏற்றது. பட்டை லேசாகத் தெரிந்தால் முக்கால். வெளியூர் லோடு தாங்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் முக்காலை எட்டிய தார்களை மட்டும் வெட்டுங்கள் என்பேன். மற்றவற்றுக்கு முட்டுக்கொடுப்பதே மேல். மொந்தன் என்றால் கறிக்காயாகத் தள்ளிவிடலாம். ரஸ்தாளியில் அது கஷ்டம்.

இளங்காயை மஞ்சளாக்கக் கார்பைடு கல் வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதி உண்டு. ஜி-9 தாருக்கு 16 முதல் 18 டிகிரி அறை வேண்டும். சூடான ஷெட்டில் அடைத்தால் தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே சதை குழைந்துவிடும். 13 டிகிரிக்குக் கீழே போனாலோ தோல் கறுக்கும்.