கஷாயத்தில் பிறக்கும் நானோ பொடி

நம் அன்பர்கள் வீடுகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், 'பசுமை முறையில் நானோ துகள்' என்ற சொற்கள் காதில் விழுந்திருக்கும். வேப்பிலை, துளசி, முருங்கை, சோற்றுக் கற்றாழை என்று ஏதாவது ஒன்றைக் கொதிக்க வைத்து, அதில் ஓர் உப்பைக் கலந்து ஒரு பொடி தயாரிக்கிறார்கள். "வேப்பிலையில் செய்ததுதானே, மருந்தாகச் சாப்பிடலாமா?" என்று சங்கத்தில் ஓர் அன்பர் கேட்டார். நான் பாலமும் தண்டவாளமுமாகக் காலம் கழித்த ரயில்வே டிப்ளமோக்காரன். ரசாயனப் பேராசிரியன் அல்லன். படித்தும் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்ததை எழுதுகிறேன்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு 1 நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவையே நானோ துகள்கள். இத்தனை பொடியாக்குவானேன்? 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும்! ரசாயன வினை மேற்பரப்பில்தானே நடக்கிறது.

மாணவர்கள் அதிகம் செய்வது துத்தநாக ஆக்ஸைடு. புதிய பொருள் அன்று. காலமைன் லோஷனிலும் டயர் ரப்பரிலும் பெயிண்டிலும் இருக்கும் வெள்ளைப் பொடிதான். இலையைக் கழுவி, நறுக்கி, டிஸ்டில்டு வாட்டரில் கொதிக்க வைத்து வடிகட்டுவார்கள். அதில் துத்தநாக நைட்ரேட் அல்லது அசிடேட் உப்பைச் சேர்த்து 60 முதல் 80 டிகிரிச் சூட்டில் கலக்குவார்கள். களி போல் வந்ததும் உலர்த்தி, 400 டிகிரி அளவில் மின் உலையில் வைத்து எடுத்தால் பொடி தயார்.

இதில் இலைக்கு என்ன வேலை? இங்குதான் குழப்பம். நம் புனேயில், பாஷாணில் உள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றால் வெள்ளி, தங்க நானோ துகள்களைச் செய்து 2004-இல் வெளியிட்டார்கள். அங்கே இலைச்சாறு எலக்ட்ரான்களைக் கொடுத்து, உப்பிலிருந்த வெள்ளியை உலோகமாக மாற்றுகிறது. துத்தநாக ஆக்ஸைடில் அந்த வேலையே கிடையாது. உப்பில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் ஆக்ஸைடிலும் துத்தநாகம் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்குச் சொன்ன விளக்கத்தையே பல கட்டுரைகளில் இதற்கும் எழுதிவிடுகிறார்கள்.

இங்கே இலையின் டானின், ஃபிளேவனாய்டு போன்ற பொருள்கள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்காமல் தடுக்கின்றன. புளியோதரைக்குச் சாதத்தை நல்லெண்ணெய் விட்டு உதிர்ப்பதில்லையா, அப்படி. வழக்கமான முறையில் இதற்கென்று செயற்கை ரசாயனங்கள் வாங்க வேண்டும். அவற்றின் செலவும் கழிவும் மிச்சம் என்பது உண்மையான லாபமே.

ஆனால் முழுக்கப் பசுமை என்று சொல்வது சற்று அதிகம். நைட்ரேட் உப்பு தொழிற்சாலையில் செய்ததுதான். உலையில் அது சிதையும்போது பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்ஸைடு வாயு வரும், அது நச்சு. மேலும் 400 டிகிரியில் இலைச்சத்து பெரும்பாலும் எரிந்துவிடும். அதன்பின் வேம்பின் மருத்துவ குணம் பொடியில் எங்கே இருக்கும்?

அன்பரின் கேள்விக்குப் பதில்: சாப்பிடக் கூடாது. மூக்கில் ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகை இதே துத்தநாக ஆக்ஸைடுதான். அதைச் சுவாசிக்கும் வெல்டருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். ஒன்றிரண்டு நாளில் தணியும். ஒர்க்‌ஷாப்களில் அதற்குப் பால் குடிப்பார்கள், பாவம்!

பயன்கள் இல்லாமல் இல்லை. வெயிலுக்குப் பூசும் கிரீமில் சாதாரணத் துத்தநாகப் பொடி முகத்தில் வெள்ளையடித்தது போலத் தெரியும். நானோ பொடி தெரியாது, ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். பருத்தித் துணியில் ஏற்றினால் கிருமிகள் வளர்வதைக் குறைக்கும். சாயத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் புற ஊதாக் கதிரை வாங்கிச் சாயத்தைச் சிதைக்கும். மாணவர்கள் பீக்கரில் மெத்திலீன் நீலம் வெளுப்பதைக் காட்டுவது இதைத்தான். சாயப்பட்டறைக் கழிவு பீக்கர் தண்ணீர் அன்று. உப்பும் பல சாயங்களும் கலந்து கலங்கி நிற்கும், வெளிச்சம் உள்ளே இறங்காது. போட்ட பொடியைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. அது கரைந்து ஆற்றில் சேர்ந்தால் மீனுக்குக் கேடு.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. மழைக்கால இலையும் சித்திரை வெயில் இலையும் ஒன்றா? மரத்துக்கு மரம் சத்து மாறும். ரயில்வேயில் பாலத்துக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு பெயிண்டைக்கூடச் சோதித்துத்தான் ஏற்பார்கள். கஷாயப் பொடிக்கும் அப்படி ஓர் அளவுகோல் வேண்டும். சோதனைக்கு வழி உண்டு. எக்ஸ்-ரே கதிரைப் பொடியில் செலுத்தி வரைபடம் எடுப்பார்கள். அதிலுள்ள முகடுகள் அகலமாக இருந்தால் படிகம் சிறியது என்று பொருள். 1918-இல் ஷெரர் தந்த சூத்திரத்தில் போட்டால் அளவு கிடைத்துவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளை பொடியைக் கொண்டுவந்து காட்டினால், ஒரே மரத்து இலையில் மூன்று வெவ்வேறு மாதங்களில் செய்த பொடிகளின் வரைபடங்களைக் கேட்டுப் பாருங்கள்.