மைதான ஓரத்தில் ஒரு ஞாயிறு

இரத்தினபுரி மாவட்டத்தில் கஹவத்தையை அண்டிய தோட்டமொன்றில் பெண்கள் குழுவுடன் பணிபுரிகிறேன். "இந்த மாதம் கூட்டத்துக்குப் பதிலாக எங்காவது போவோமா?" என்று கேட்டேன். கோயில் என்பார்கள் என நினைத்தேன். "எங்க பொடியங்க பந்தடிக்கப் போறாங்க. அத பார்க்கலாம் மிஸ்" என்றார் ஒரு அக்கா. தன் மகன் விளையாடுவதை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை?" என்று லயத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆண்களுக்கு ஓய்வு என்று ஒரு பொழுது உண்டு. பெண்களுக்கோ பிரட்டும் கொழுந்தும் முடிந்தால் அடுப்பு. திருநாளென்றால் இன்னும் பெரிய அடுப்பு. ஆகவே இரவே ரொட்டி சுட்டு வைத்தோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பதினான்கு பேர் பஸ் ஏறினோம்.

கிண்ணமோ பரிசுப் பணமோ இல்லாத போட்டி அது. எதிரணியினர் பக்கத்துச் சிங்களக் கிராமத்து இளைஞர்கள். மூங்கில் கோல் கம்பங்கள். பாதிப்பேருக்குச் சப்பாத்தும் இல்லை. நம் பெண்கள் முதலில் முந்தானையால் வாய்பொத்திச் சிரித்தார்கள். ஒரு கோல் விழுந்ததும் எழுந்து நின்று கூவினார்கள்.

ஒரு பாட்டி மட்டும் பேசாமல் இருந்தார். 1981 ஆகஸ்டில் இந்த மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, கைக்குழந்தையுடன் தேயிலைச் செடிகளுக்குள் இரவைக் கழித்தவர். அண்ணன் குடும்பம் வவுனியாவுக்குப் போய்க் குடியேறியது. அங்கும் போர் துரத்தியது. பந்தென்றால் உயிராக இருந்த அண்ணன் பேரன் 2009இல் வன்னியில் இறந்துபோனான்.

இடைவேளையில் ஒரு சிங்களத் தாய் அருகே வந்து, "உங்கள் பிள்ளை எவன்?" என்று சிங்களத்தில் கேட்டார். பாட்டி தன் பேரனைச் சுட்டிக்காட்டினார். பிறகு இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆட்டத்தில் 2-1 எனத் தோற்றோம். கடைசி நிமிடங்களில் அதிகம் கத்தியவர் பாட்டிதான்.

"நாப்பது வருசத்துக்கு மேல இந்த ரோட்டுல தலைய குனிஞ்சிதான் போனேன். இன்னைக்குத்தான் சத்தம் போட்டேன்" என்றார் திரும்பும் வழியில். 1981 மறந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

உதைபந்தாட்டத்துக்கும் பெண்களுக்கும் பழைய உறவு உண்டு. முதலாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் 'டிக் கேர்' தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி அமைத்து, காயமடைந்த படையினருக்காக நிதி திரட்டினார்கள். 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலில் அவர்களது ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. தடை நீங்க 1971 ஆயிற்று. நம் நாட்டிலோ, போரினால் இடம்பெயர்ந்திருந்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் பின்னாளில் தேசியக் கிண்ணங்களையே வென்றார்கள்.

சகோதரிகளே, துயரத்தைச் சொல்லச் சொல்லியே உங்களிடம் பலரும் வருகிறோம். யாரும் எதையும் கேட்காத ஒரு பகற்பொழுதும் உங்களுக்கு வேண்டும் என்பதை அன்று நான் படித்துக்கொண்டேன். சமூகவியல் வகுப்பில் இது எனக்குக் கிடைக்கவில்லை.

சோறு தாமதமானதற்காக ஓர் அக்கா அன்றிரவு வீட்டில் ஏச்சு வாங்கினார். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் பேசினோம். பேசி முடிந்ததும் வாசலில் நின்ற மூன்று சிறுமிகள் கேட்டார்கள்: "மிஸ், எங்களுக்கும் ஒரு பந்து வாங்கித் தருவீங்களா?"

குழுச் சேமிப்பில் பந்து வாங்கியாயிற்று.